பழைய தமிழ்க் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கடை: பழைய வண்ணாரப்பேட்டை

பழைய வண்ணாரப்பேட்டையில், தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், திருமண அழைப்பிதழும் ரப்பர் முத்திரையும் செய்து தரும் ஒரு டி.டி.பி. கடை இருக்கிறது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ்க் கோப்புகளை, எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் வேலையையும் அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் வாசகர் வட்டம் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து நடத்திய சிற்றிதழின் கோப்புகளை அவர்களிடம் கொடுத்து மாற்றி வாங்கினோம். பிளாப்பிகளையும் குறுந்தகடுகளையும் இன்னமும் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் பயன்படும்.

ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் எந்த எழுத்துக்கு எந்த எண் என்று தனக்கென ஓர் அட்டவணையை, அதாவது குறியாக்கத்தை, வைத்திருந்தது. பாமினி என்ற எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்கள் அமர்ந்திருந்ததால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் தெரியும். திஸ்கி என்ற குறியாக்கமோ முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, அடுத்த 128 இடங்களில் தமிழை வைத்தது. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்து, டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களைத் தமிழக அரசு தரமாக அறிவித்த பின்னும் அச்சகங்கள் தங்கள் பழைய எழுத்துருக்களை விடவில்லை. எங்கள் இதழிலேயே அச்சகம் மாறியபோது குறியாக்கமும் மாறியிருக்கிறது.

இலவச மாற்றி நிரல்கள் இணையத்தில் கிடைக்கும்போது காசு கொடுப்பது எதற்கு என்று எங்கள் வட்டத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பழைய கோப்புகள் சேமித்திருக்கும்; ஒருங்குறியில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அதன் பின்னும் வரவேண்டும். இந்த இடமாற்றத்தை எந்த மாற்றியும் செய்துவிடும். சிக்கல் ஔகாரத்தில் இருக்கிறது. பாமினியில் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே எண்தான். காசிமேட்டுப் பேச்சுவழக்கில் எழுதப்பட்ட கதைகள் எங்கள் இதழில் நிறைய உண்டு. அவற்றில் வரும் 'வெளக்கு' என்ற சொல்லை மாற்றி நிரல் 'வௌக்கு' ஆக்கிவிடுகிறது. அதைத் தடுக்க விதியைத் தளர்த்தினால் 'கௌரவம்' என்ற சொல் ளகரம் போட்ட 'கெளரவம்' ஆகிறது. படிக்கும் கண் அதைக் கவனிக்காது, ஆனால் கணினியில் தேடினால் அந்தச் சொல் அகப்படவே அகப்படாது. இதைத் தீர்த்துவைக்கத் தமிழ் தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

கடையை நடத்தும் அம்மையார் முதல் நாளே அச்சான இதழ்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஐயத்துக்கிடமான சொற்களையெல்லாம் பக்க எண்ணோடு பட்டியலிட்டு, அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு, அச்சிலும் தெளியாத இடங்களை மட்டும் எங்களிடம் கேட்டார். விளம்பரங்களில் இருந்த ஆங்கிலப் பெயர்களைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பில் இருந்த எழுத்துருக் குறிப்பைக் கொண்டு முன்கூட்டியே பிரித்து வைத்தார். அப்படிச் செய்யாவிட்டால் பாமினி மாற்றி அவற்றையும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக்கிவிடும். திஸ்கியில் வந்திருந்த வாசகர் கடிதங்கள் சிலவற்றில் இகரம் மட்டும் காணாமல் போயிருந்தது. திஸ்கி இகரத்தை வைத்த எண் மேற்கத்திய மொழிகளுக்கான அட்டவணையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறிக்கு உரியது என்பதால், இடையில் ஏதோ ஒரு நிரல் அதை நீக்கியிருக்கும் என்று விளக்கி, விடுபட்ட எழுத்துகளைப் பொறுமையாகச் சேர்த்துத் தந்தார். மூலக் கோப்புகளில் கை வைக்காமல் தனிக் கோப்புறையில் அப்படியே திருப்பித் தந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. உரை மட்டுமே கிடைக்கும். பத்தி அமைப்பும் படங்களும் வராது. கவிதைப் பக்கங்களின் வரி முறிவுகள் பல இடங்களில் கலைந்திருந்தன, அவற்றை நாங்களே சரிசெய்தோம். முகூர்த்த மாதங்களில் அழைப்பிதழ் வேலைக்கே முதலிடம் என்பதால் சொன்ன தேதிக்கு மேல் ஆகிறது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து இஸ்கி என்ற குறியாக்கத்தில் உள்ள கோப்புகளை அவர்கள் ஏற்பதில்லை. இந்திய மொழிகளைத் திரையில் காட்டும் ஜிஸ்ட் அட்டை பொருத்திய கணினியில் தமிழாகத் தெரிந்த அந்தக் கோப்புகள், அட்டை இல்லாத திரையில் கோட்டுப் பெட்டிகளாகவும் கிரேக்க எழுத்துகளாகவும்தான் தெரியும். ஆயினும் இஸ்கி 1991இல் இந்தியத் தரமாக வெளியான, அட்டவணை தெளிவாக உள்ள குறியாக்கம். அதையும் இவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பக்கத்துக்கு 12 ரூபாய் வாங்கினார்கள். பிழை திருத்தமும் அதில் அடக்கம். போகிறவர்கள் கோப்போடு அச்சுப் பிரதியையும், கிடைத்தால் அப்போது பயன்படுத்திய எழுத்துருவையும் எடுத்துச் செல்லுங்கள். பிளாப்பி படிக்கும் கருவி கடையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.