மேல மாசி வீதியருகே ஒரு 'நயம் பாராட்டல்' வகுப்பு

பள்ளியில் தமிழ் படித்த எவருக்கும் 'நயம் பாராட்டுக' என்ற வினா நினைவிருக்கும். மையக்கருத்து, எதுகை, மோனை, அணி, சுவை என்று தலைப்புகளை இட்டு, எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் வாக்கியங்களை அவற்றின் கீழ் நிரப்பினால் மதிப்பெண் வந்துவிடும். பாட்டை ரசித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தப் பழக்கத்தில் ஊறிப்போனவர்களுக்காக, மதுரை மேல மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றின் மாடியறையில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சனிக்கிழமை மாலைதோறும் வகுப்பு நடத்துகிறார். மாதக் கட்டணம் 300 ரூபாய். அச்சிட்ட பாடத்தாளும் இடைவேளையில் சுக்குக் காபியும் அதில் அடக்கம்.

வகுப்பின் முறை எளிது. பழைய இலக்கியத்திலிருந்து ஒரு சிறு பகுதியை அவர் முதலில் சீர் பிரியாமல் ஓசையோடு படிக்கிறார். பிறகு சொற்களைப் பிரித்து மெதுவாகப் படிக்கிறார். அதன்பின் வந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வாய்விட்டுப் படிக்க வேண்டும். 'இதை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறார்?' என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை 'அருமை', 'அற்புதம்' போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. இந்தக் கண்டிப்புத்தான் வகுப்பின் பலம் என்பேன்.

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் வரும் வழக்குரை காதையைப் படித்த மாலையில் அது நன்றாகத் தெரிந்தது. 'தேரா மன்னா செப்புவது உடையேன்' என்ற அடியை மேடைகளில் கேட்டுக் கேட்டு நமக்குக் காது பழகிவிட்டது. கண்ணகி என்றால் கோபம் என்ற ஒரே எண்ணத்தோடு அந்தக் காட்சியைக் கடந்துபோகிறோம். ஆசிரியர் எங்களைக் கண்ணகியை விட்டுவிட்டுப் பாண்டியன் பேசும் அடிகளைப் பார்க்கச் சொன்னார். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொன்ன மறுகணமே, 'தேமொழி உரைத்தது செவ்வை நன்மொழி, யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' என்கிறான் அரசன். தன் பக்கத்துச் சிலம்பில் இருப்பது முத்து என்பதை, சிலம்பு உடைபடுவதற்கு முன்னரே, யாரும் வற்புறுத்தாமல் அவனே அவையில் சொல்லிவிடுகிறான். வழக்கு அப்போதே பாதி முடிந்துவிடுகிறது. 'யானோ அரசன் யானே கள்வன்' என்று அவன் பின்னர் சொல்வது திடீரென்று வந்த ஞானமாக இல்லாமல், முன்பே நேர்மையாகப் பேசியவனின் அடுத்த வாக்கியமாகக் கேட்பது இதனால்தான்.

தெற்கு ஆவணி மூல வீதியில் நகைவேலை செய்யும் ஒருவர் அன்று எங்களோடு இருந்தார். சிலம்பை ஏன் உடைக்க வேண்டும், ஆட்டிப் பார்த்தால் போதாதா என்று ஓர் அம்மாள் கேட்டதற்கு அவர்தான் பதில் சொன்னார்: "உள்ளே கூடா செஞ்சு பரலைப் போட்டு, பொடி வச்சு ஊதி மூடிட்டா, கிடக்கிறது முத்தா மாணிக்கமான்னு வெளியே நின்னு சொல்ல முடியாதும்மா. உடைச்சுத்தான் பாக்கணும்." பிறகு, "கதையைக் கெடுத்த அந்தக் கொல்லனும் எங்க ஆளுதான்" என்று அவரே சிரித்துக்கொண்டார். உரைநூல்களைப் புரட்டியிருந்தால் இந்த விளக்கம் எனக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே' என்ற அடியை அதன்பின் படித்தபோது, அதுவரை மூடியிருந்த உலோகம் பிளக்கும் வேகம் அதில் இருந்தது.

வேறொரு வாரம் இரண்டு கொக்குகளை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தார். மூதுரையின் கொக்கு மடைத்தலையில் நின்று, ஓடுகிற மீனை ஓடவிட்டு, உறுமீன் வருமளவும் வாடியிருக்கிறது. அது அடக்கத்துக்கு எடுத்துக்காட்டு. மற்றொன்று குறுந்தொகை 25-ஆம் பாட்டில் கபிலர் நிறுத்திவைத்த குருகு. 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால, ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே' என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். தலைவன் பொய் சொன்னால் அவளுக்கு வேறு சாட்சி இல்லை. அவர்கள் கூடிய பொழுதில் அங்கே இருந்த ஒரே சாட்சியும் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பாட்டில் பாராட்டப்படும் அதே கவனம் இன்னொரு பாட்டில் ஒரு பெண்ணைக் கைவிடுகிறது. மாடக்குளம் கண்மாய்ப் பக்கத்திலிருந்து வரும் ஒருவர், மடையருகே நிற்கும் கொக்கின் காலைத் தான் இதுவரை கவனித்ததே இல்லை என்றார். அந்தப் பெண் கவனித்திருக்கிறாள். காலின் நிறம்வரை நினைவில் இருக்கிறதென்றால், அந்தப் பொழுதை அவள் எத்தனை முறை மனத்துக்குள் திருப்பிப் பார்த்திருப்பாள்! கபிலரின் ஊராகச் சொல்லப்படும் திருவாதவூர் மேலூர்ப் பக்கம்தான் என்பதால், அங்கிருந்து வருபவர்களுக்கு அன்று முகத்தில் தனிப் பெருமை.

கதைகளுக்கு வரும்போது வகுப்பு தளர்ந்துவிடுகிறது. பஞ்சதந்திரத்தில் இரண்டு பறவைகள் கவ்விய குச்சியைப் பற்றிக்கொண்டு பறந்து, கீழே எழுந்த கூச்சலைக் கேட்டு வாயைத் திறந்து விழுந்து சாகும் ஆமையின் கதையை எடுத்துக்கொண்ட ஆசிரியர், 'வாயடக்கம் வேண்டும்' என்ற நீதியை முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு அந்தக் கதையில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பாட்டுக்குக் கேட்ட அதே கேள்வியை இங்கும் கேட்டிருக்கலாம். கடற்கரையில் முட்டையிட்டால் கடல் கொண்டுபோய்விடும் என்று அஞ்சும் ஒரு பெண்பறவை, காதில் வாங்காத கணவனிடம் சொல்லும் கதை அது. சொல்பவளுக்கும் கேட்பவனுக்கும் இடையிலான அந்த மனத்தாங்கலை விட்டுவிட்டால், ஆமை மட்டும் மிஞ்சுகிறது. கடைசி அரைமணி நேரத்தில் எதுகை, மோனைப் பட்டியல் எழுதச் சொல்வதும் தேவையற்றது. தப்பித்து வந்த தேர்வறைக்கே நம்மைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

பாடத்தாளின் எழுத்து மிகச் சிறியது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் வருபவர்கள் பக்கத்தில் இருப்பவரின் குரலைத்தான் நம்ப வேண்டும். மாடிப்படி செங்குத்தாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து வருவது நல்லது. சித்திரைத் திருவிழா நாட்களில் வகுப்பு இல்லை. அந்த நெரிசலில் யாரும் வந்து சேரவும் முடியாது. போட்டித் தேர்வுக்குக் குறிப்பு வேண்டும் என்று வருபவர்களுக்கு இது பயன்படாது. முன்பு படித்ததை மறந்து, மீண்டும் நிதானமாகப் படிக்க விரும்பும் நடுவயதினருக்குக் கட்டணம் உறுத்தாது.

அடுத்ததாக மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியை எடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். 782 அடிகளையும் படிக்க ஓராண்டு போதாது என்பதால், பகல் கடைத்தெருவான நாளங்காடியும் இரவுக் கடைத்தெருவான அல்லங்காடியும் வரும் பகுதிகளை மட்டும் தேர்ந்திருக்கிறாராம். அந்தப் பட்டியல் எழுதும் அரைமணியையும் அங்காடிக்கே கொடுத்துவிடுமாறு நாங்கள் சிலர் சேர்ந்து ஐயாவிடம் கேட்டிருக்கிறோம்.