ஆர் தொகுப்புக்குள் ஜிஎஸ்எல்: பத்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சிறுபரப்பு மதிப்பீட்டுக்காக, அதாவது மாதிரி குறைவாக உள்ள சிறு பகுதிகளுக்கான புள்ளிவிவரங்களைக் கணிப்பதற்காக, புள்ளியியல் மொழியான ஆரில் எழுதிய தொகுப்பு ஒன்றை 2014 முதல் பராமரித்து வருகிறேன். சமவாய்ப்பு மாதிரிகளை எடுத்து விடை காணும் மார்கோவ் சங்கிலி மான்டி கார்லோ முறையில் இயங்கும் அதன் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. சமவாய்ப்பு எண்கள், பெசல் சார்புகள், அணிக் கணக்குகள் என எல்லாவற்றுக்கும் தொடக்கத்தில் குனு அறிவியல் நூலகமான ஜிஎஸ்எல்லையே நம்பியிருந்தேன். கணக்கிடும் கருவி என்ற அளவில் அதன்மீது எனக்கு இன்றும் குறை எதுவும் இல்லை. அதை நம்பிய தொகுப்பைப் பிறருடைய கணினிகளில் நிறுவவைத்ததில்தான் என் காலம் கரைந்தது.

ஆர் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான கிரான், விண்டோஸுக்கும் மேக்குக்கும் கம்பைல் செய்த, அதாவது உடனே ஓடத் தயாரான, கோப்புகளையே தருகிறது. லினக்ஸ் பயனருக்கு அங்கே கிடைப்பது மூலநிரல் மட்டுமே. தொகுப்பின் விவரங்களைச் சொல்லும் டிஸ்கிரிப்ஷன் கோப்பில் ‘சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்’ என்ற வரியில் ஜிஎஸ்எல்லைக் குறிப்பிட்டுவிட்டதால் கடமை முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வரி மனிதர்கள் படிப்பதற்கானது. ஆரின் வழக்கமான நிறுவல் கட்டளை அதைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்பைக் காணவில்லை என்ற பிழைச்செய்தியுடன் மின்னஞ்சல்கள் வந்தன. ‘ஜிஎஸ்எல் என் கணினியில் ஏற்கெனவே இருக்கிறதே’ என்று பலர் எழுதினார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். டெபியனிலும் உபுண்டுவிலும் ஓடுவதற்கான நூலகம் ஒரு பொதியாகவும், ஹெடர் கோப்புகள் கொண்ட ‘லிப்ஜிஎஸ்எல்-டெவ்’ வேறொரு பொதியாகவும் வருகின்றன. அவர்களிடம் இருந்தது முதலாவது மட்டுமே. நிறுவலின் தொடக்கத்திலேயே கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் நூலகத்தைத் தேடி, கிடைக்காவிட்டால் உபுண்டுவுக்கு இந்தப் பொதி, ஃபெடோராவுக்கு ‘ஜிஎஸ்எல்-டெவல்’ என்று பெயர் சொல்லி நிற்கும்படி மாற்றிய பிறகு, அவ்வகை மின்னஞ்சல்கள் ஏறக்குறைய நின்றுபோயின.

நிறுவிய பிறகும் நிம்மதி இல்லை. உபுண்டு 20.04-இல் ஜிஎஸ்எல் கோப்பின் பெயரில் வரும் பதிப்பு எண் 23, 22.04-இல் அது 27. இயங்குதளத்தை மேம்படுத்தியவர்களிடம் நேற்றுவரை ஓடிய தொகுப்பு, பழைய எண்ணுள்ள கோப்பைத் தேடி ஏமாந்து நின்றது. தொகுப்பை மறுபடி நிறுவினால் சரியாகிவிடும், ஆனால் பழி என்மீதே விழுந்தது. மேக்கில் ஆப்பிள் சிலிக்கான் வந்தபோது நூலகங்களை நிறுவித்தரும் ஹோம்ப்ரூவின் அடைவு மாறியது. பழைய அடைவின் பெயரை ஸ்கிரிப்ட்டில் நேரடியாக எழுதியிருந்தது என் சோம்பல்தான். நான் அதிகம் அஞ்சிய விண்டோஸ்தான் குறைவாகத் தொல்லை தந்தது, குறிப்பாக 2022-இல் ஆர் 4.2.0-உடன் வந்த, கம்பைல் செய்வதற்கான கருவித்தொகுதியான ஆர்டூல்ஸ் 42-இல் ஜிஎஸ்எல்லும் சேர்ந்தே இருந்ததால்.

இவற்றைவிட என்னைக் கலங்கவைத்தவை இரண்டு. கணக்கில் பிழை நேர்ந்தால் ஜிஎஸ்எல்லின் இயல்பான பிழை கையாளி நிரலையே நிறுத்திவிடும். தொகுப்புக்குள் அது நடந்தால், பயனர் சேமிக்காத எல்லாவற்றோடும் ஆர் அமர்வு முழுவதும் மடியும். அந்தக் கையாளியை அணைத்து, திரும்பிவரும் பிழை எண்ணை ஒவ்வோரிடத்திலும் நானே சோதிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது, அதே சமவாய்ப்பு எண்கள் மறுபடி வருவதற்காக விதை எண்ணைக் கொடுக்கும் ஆரின் ‘செட் சீட்’ கட்டளை ஜிஎஸ்எல்லின் எண் உருவாக்கியைத் தொடுவதே இல்லை. விதை எண்ணைக் கொடுத்தும் முடிவு மாறுகிறதே என்று ஒருவர் கேட்ட பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

நூலகத்தின் மூலநிரலையே தொகுப்புக்குள் வைக்கலாமே என்று தோன்றும். சிறிய நூலகமென்றால் நானும் அதையே செய்வேன். கிரான் விதிகளும் அதை விரும்புகின்றன. ஜிஎஸ்எல் அதற்கு மிகப் பெரியது. நிறுவும்போது இணையத்திலிருந்து இறக்குவதை, பதிப்பு எண் மாறாமல் இருக்குமானால், அவ்விதிகள் பொறுத்துக்கொள்கின்றன. ஆனால் என் பயனர்களில் பலர் வெளி இணைப்பே இல்லாத கணினிக் கொத்துகளில் வேலை செய்பவர்கள்.

இறுதியில், நான் உண்மையில் அழைக்கும் செயற்கூறுகளைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். முப்பதைக்கூடத் தாண்டவில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஆருக்குள்ளேயே இருந்தன: பரவல்களும் காமா, பெசல் சார்புகளும் ‘ஆர்மேத்’ ஹெடரில், அணிக் கணக்குகள் ஆர் தரும் லாபேக் நூலகத்தில். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. மிஞ்சியது கும்மர் மீப்பெருக்குச் சார்பு ஒன்றுதான். அந்த ஒரு கோப்பை மட்டும் பெயர்த்தெடுக்கப் போனேன். அது வேறு பல கோப்புகளை நம்பியிருந்ததால், கொடியை இழுத்தால் பந்தலே கூட வந்தது. அதைக் கைவிட்டு, எனக்குத் தேவைப்படும் எல்லைக்குள் மட்டும் தொடர்வரிசையால் கணக்கிடும் நிரலை நானே எழுதி, ஜிஎஸ்எல் தரும் விடைகளோடு ஒப்பிட்டுச் சோதித்தேன்.

இந்த மாற்றத்துக்கு விலை இருந்தது. எண் உருவாக்கி மாறியதால், பழைய ஆய்வுகளின் மாதிரிகளை எண்ணுக்கு எண் மீட்க இயலாது. மாதிரிகளிலிருந்து கிடைக்கும் பின்னிலைச் சராசரிகள், சமவாய்ப்பால் நேரும் மான்டி கார்லோ பிழைக்குள் ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே காட்ட முடிந்தது. அதனால் பழைய பதிப்பைத் தனியே வைத்திருக்கிறேன்.

வரைபடப் பகுதி மட்டும் இன்னும் ஜிடால், ஜியோஸ், ப்ராஜ் ஆகிய மூன்று புவியியல் தரவு நூலகங்களையும் நம்பியிருக்கிறது. அவற்றை என் நிரல் நேரடியாகத் தொடுவதில்லை, ‘எஸ்எஃப்’ தொகுப்பின் வழியாகவே அணுகுகிறது. அந்தத் தொகுப்பையும் கட்டாயப் பட்டியலிலிருந்து, விருப்பத் தேவைகளுக்கான ‘சஜஸ்ட்ஸ்’ வரிக்கு இறக்கிவிட்டேன். வரைபடம் வேண்டாதவர்கள் அது இல்லாமலே மதிப்பீட்டை ஓட்டிக்கொள்ளலாம்.