மினிவேனா, எஸ்யூவியா: இரண்டிலும் குடும்பத்தை ஏற்றி ஓட்டிய ஒன்பது வருட அனுபவம்

நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். நான், மனைவி, பதினொரு வயது மகள், ஆறு வயதில் இரட்டைப் பையன்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திருச்சியிலிருந்து அப்பா அம்மா வந்து கிட்டத்தட்ட ஆறு மாதம் தங்குவார்கள். 2016 முதல் 2021 வரை மூன்று வரிசை இருக்கை கொண்ட, தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் ஒரு நடுத்தர எஸ்யூவி வைத்திருந்தோம். 2021 கடைசியில் அதைக் கொடுத்துவிட்டு தரை தாழ்ந்த, பின்கதவுகள் பக்கவாட்டில் சறுக்கித் திறக்கும் டொயோட்டா சியன்னா மினிவேன் வாங்கினோம். அதில் இதுவரை 62,000 மைல் ஓடியிருக்கிறது. நண்பர்கள் வீட்டில் குழந்தை பிறந்தாலும், ஊரிலிருந்து பெரியவர்கள் வருவதாக இருந்தாலும் மினிவேன் வாங்கலாமா, எஸ்யூவி வாங்கலாமா என்ற கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். அதனால் ஒரே இடத்தில் விரிவாக எழுதி வைக்கிறேன்.

முதலில் எஸ்யூவிதான் வேண்டும் என்று நின்றவன் நான். பனிக்காலத்தில் பயமில்லாமல் போகலாம், உயரத்தில் உட்கார்ந்தால் சாலை நன்றாகத் தெரியும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும் என்று எனக்குக் காரணங்கள் இருந்தன. அப்போது எங்களுக்கு ஒரே குழந்தை. மூன்றாவது வரிசையை மடக்கியே வைத்திருப்போம். அந்த மூன்று வருடம் அந்த வண்டி எங்களுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. ஒன்று அல்லது இரண்டு குழந்தைகள், பெரியவர்கள் எப்போதாவது ஓரிரு வாரம் வந்து போகிற வீடு என்றால் எஸ்யூவி தாராளமாகப் போதும். இதை மினிவேன்காரனாகிய நானே சொல்கிறேன்.

2019-இல் எல்லாம் மாறியது. பையன்கள் பிறந்தார்கள். பிரசவத்துக்குத் துணையாக அப்பா அம்மா வந்தார்கள். அப்பாவுக்கு அதற்கு முந்தைய வருடம்தான் மூட்டு அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இரண்டாவது வரிசையில் பின்பக்கம் பார்த்த மாதிரி இரண்டு குழந்தை இருக்கைகளைக் கட்டிவிட்டோம். அன்றிலிருந்து மூன்றாவது வரிசைக்குப் போக வழியே இல்லை. எங்கள் எஸ்யூவியில் பின்வரிசைக்குப் போக இரண்டாவது வரிசையை முன்னால் சாய்க்க வேண்டும். குழந்தை இருக்கை கட்டியிருந்தால் சாய்க்க முடியாது. ஷோரூமில் யாரும் இதைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. மகள் டிக்கி வழியாக ஏறி இருக்கையைத் தாண்டிக் குதித்து உட்காருவாள். அவளுக்கு அது விளையாட்டு. எழுபதை நெருங்கும் அம்மா என்ன செய்வார்? அம்மாவையும் அப்பாவையும் எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்றால் ஒரு குழந்தை இருக்கையைக் கழற்றி, அவர்களைப் பின்னால் ஏற்றி, மறுபடி கட்ட வேண்டும். குழந்தை இருக்கையை ஆடாமல் இறுக்கிக் கட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த வேர்வை தெரியும்.

ஏறும் உயரம் இன்னொரு பிரச்சினை. அம்மாவுக்காக ஒரு பிளாஸ்டிக் முக்காலியை வண்டியிலேயே வைத்திருந்தோம். நான் இறங்கி ஓடிவந்து முக்காலியைப் போட்டு, கையைப் பிடித்து ஏற்றிவிடுவேன். பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோவில் பார்க்கிங்கில் ஒரு நாள் நான் முக்காலியை எடுத்து வருவதற்குள் அப்பா தானே இறங்கப் பார்த்து, கால் வழுக்கி, கதவைப் பிடித்துத் தொங்கினார். அடி ஒன்றும் இல்லை. "ஒண்ணும் இல்லடா, செருப்பு வழுக்கிருச்சு" என்று சமாளித்தார். அதற்குப் பிறகு அந்தப் பயணத்தில் பாதி இடங்களுக்கு "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்லயே இருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. மகனையும் பேரப் பிள்ளைகளையும் பார்க்க இவ்வளவு தூரம் வந்த மனிதர், வண்டியில் ஏற இறங்கப் பயந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிய நாளில் இருவருக்குமாக 23 கிலோ பெட்டிகள் நான்கு, கைப்பைகள் இரண்டு. ஏழு பேரும் வழியனுப்பப் போக வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். ஏழு இருக்கையும் நிமிர்ந்திருந்தால் எங்கள் வண்டியின் பின்னால் ஒரு பெரிய பெட்டிக்கு மேல் வைக்க முடியவில்லை. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நண்பர் ஒருவர் தன் காரில் நெவார்க் விமான நிலையம் வரை வந்தார். திரும்பி வரும் வழியில் மனைவி சொன்னாள்: "ஏங்க, ஏழு பேர் வண்டின்னு வாங்கினோம். ஏழு பேர் போனா பெட்டி வராது, பெட்டி வந்தா ஏழு பேர் வர முடியாது."

இதற்குக் கணக்கு இருக்கிறது. மூன்றாவது வரிசை நிமிர்ந்திருக்கும்போது பின்னால் எத்தனை கன அடி மிஞ்சுகிறது என்பதை மட்டும் பாருங்கள். டொயோட்டாவின் சொந்த எஸ்யூவியான ஹைலேண்டரில் 16 கன அடி. அதைவிடப் பெரிதாக 2024 மாடலாக வந்த கிராண்ட் ஹைலேண்டரில் 20.6. சியன்னாவில் 33.5. வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவு வித்தியாசம் தெரியாது. மினிவேனில் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் தரை பள்ளமாக இறங்குகிறது. வரிசையை மடக்கினால் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே போய்விடும். எஸ்யூவியில் தரையையே உயர்த்தியிருப்பதால் அப்படிப் பள்ளம் போட இடமில்லை. தரை உயர்ந்ததால்தான் மூன்றாவது வரிசையில் உட்காருபவரின் முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. கார் பத்திரிகைகள் குதிரைத்திறனுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியாவது இதற்கு ஒதுக்கலாம்.

மினிவேன் என்ற வண்டியே இதற்காகப் பிறந்ததுதான். 1984 மாடலாக டாட்ஜ் கேரவனும் பிளிமத் வாயேஜரும் கனடாவின் வின்ட்சர் ஆலையிலிருந்து வந்தபோது, முன்சக்கர இயக்கத்தால் தரையைத் தாழ்வாகவும் தட்டையாகவும் வைக்க முடிந்தது, சாதாரண வீட்டு கராஜுக்குள்ளும் நுழைந்தது. இன்று அமெரிக்கச் சந்தையில் மிஞ்சியிருக்கும் மினிவேன்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: சியன்னா, ஹோண்டா ஒடிஸி, கிரைஸ்லர் பசிஃபிகா, கியா கார்னிவல், 2025 மாடலாக வந்த, மின்சாரத்தில் ஓடும் ஃபோக்ஸ்வாகன் ஐடி பஸ் (ID. Buzz).

நாங்கள் முதல் மூன்றையும் ஓட்டிப் பார்த்தோம். பெட்ரோலில் மட்டும் ஓடும் பசிஃபிகாவில் இரண்டாவது வரிசையும் தரைக்குள் மடங்கிவிடும். அடிக்கடி சாமான் ஏற்றி இறக்குபவர்களுக்கு அதற்கு இணை கிடையாது. ஒடிஸியின் வி6 (ஆறு சிலிண்டர்) என்ஜின் 280 குதிரைத்திறன், ஓட்ட மிகவும் இனிமை. இரண்டாவது வரிசை இருக்கைகளைப் பக்கவாட்டில் நகர்த்தலாம், கழற்றி வெளியேயும் வைக்கலாம். சியன்னாவில் இருக்கைகளைக் கழற்ற முடியாது, அவற்றுக்குள் ஏர்பேக் இருக்கிறது. இருந்தும் அதை எடுத்ததற்கு ஒரே காரணம், ஹைபிரிட் (பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும்) மைலேஜும் நான்கு சக்கர இயக்கமும் ஒரே வண்டியில் கிடைத்ததுதான். 2021 மாடலிலிருந்து சியன்னா ஹைபிரிட்டாக மட்டுமே வருகிறது: 2.5 லிட்டர் என்ஜினும் மோட்டார்களும் சேர்ந்து 245 குதிரைத்திறன். நான்கு சக்கர இயக்கத்தில் பின்சக்கரங்களுக்குத் தனி மின்மோட்டார் இருப்பதால் நடுவில் நீளமான தண்டு ஓடுவதில்லை.

வாங்கியது கார்களுக்கான மின்னணு சிப் கிடைக்காமல் புது வண்டிகளுக்கே தட்டுப்பாடாக இருந்த காலத்தில். அருகிலிருந்த டீலர் ஒருவர் ஸ்டிக்கர் விலைக்கு (கம்பெனி குறித்த விலைக்கு) மேல் பல ஆயிரம் டாலர் கேட்டார். நாங்கள் மூன்று மாதம் காத்திருந்து பென்சில்வேனியாவில் வேறொருவரிடம் ஸ்டிக்கர் விலைக்கே எடுத்தோம். பழைய வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால் அவசரப்படாதீர்கள்.

சரி, நான்கு வருட அனுபவத்துக்கு வருகிறேன்.

சறுக்குக் கதவுதான் முதலில். பொத்தானை அழுத்தினால் திறக்கும் என்பதை ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்து இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட்டில் சனிக்கிழமை மாலை இரண்டு கார்களுக்கு நடுவே செருகி நிறுத்திவிட்டு, கையில் காய்கறிப் பையோடு தூங்கும் குழந்தையைத் தூக்க வேண்டியிருக்கும்போதுதான் அதன் அருமை தெரிந்தது. எஸ்யூவி வைத்திருந்தபோது மகள் காற்றில் கதவைத் திறந்து பக்கத்துக் காரில் கோடு போட்டிருக்கிறாள், இரண்டு முறை. இதில் அந்தப் பேச்சே இல்லை.

2022-இல் அப்பா அம்மா வந்தபோது நான் பார்த்ததை மறக்க மாட்டேன். கதவு திறந்தது. அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவோரத் தூணில் இருக்கும் கைப்பிடியைப் பற்றி, வீட்டு வாசற்படி ஏறுகிற மாதிரி ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் முக்காலியை எடுத்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்த முக்காலி இப்போது சமையலறையில் இருக்கிறது. அப்பா இரண்டாவது வரிசையில் இருக்கையைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொள்வார். ஏழு இருக்கை வண்டியில் அந்த இருக்கைகள் சுமார் 25 அங்குலம் வரை முன்னும் பின்னும் நகரும். மூட்டு வலி இருப்பவருக்கு அது பெரிய விஷயம். அந்த வருடம் பிட்ஸ்பர்க் பெருமாள் கோவிலுக்கு ஏழு பேரும் பெட்டிகளோடு ஒரே வண்டியில் போனோம், ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 350 மைல். நடுவில் நடைபாதை இருப்பதால் மனைவி எழுந்து போய் பின்னால் இருப்பவர்களுக்குப் புளியோதரை கொடுத்தாள், வண்டி ஓய்விடத்தில் நின்றிருந்தபோதுதான். விமான நிலையத்திலும் நான்கு பெரிய பெட்டிகளும் பின்னால் நின்றவாக்கில் அடங்கின; கைப்பைகள் அவற்றின் மேல்.

எரிபொருள். எஸ்யூவியில் எனக்குக் கிடைத்தது கேலனுக்கு 21 மைல். நான்கு சக்கர இயக்க சியன்னாவுக்கு அரசு மதிப்பீடு 35. எனக்கு மொத்தச் சராசரி 34. 62,000 மைலுக்குக் கணக்குப் போட்டால் 1,100 கேலனுக்கு மேல் மிச்சம். கோடையில் 37 வரை தொடும், சனவரிக் குளிரில் 30-க்குப் பக்கத்தில் இறங்கும். என்ஜின் சூடாக இருக்க வேண்டியிருப்பதால் குளிரில் அடிக்கடி ஓடும். பிரேக் பேட் இன்னும் முதலில் வந்ததுதான். வேகம் குறையும்போது மோட்டாரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஹைபிரிட் பேட்டரிக்கு 10 வருடம் அல்லது 150,000 மைல் உத்தரவாதம் உண்டு.

பென்சில்வேனியா மலைகளில் ஏழு பேரோடு ஏறும்போது என்ஜின் சுழற்சி உயர்ந்து அப்படியே நிற்கும். இந்த வகை கியர் அமைப்பின் இயல்பு அது. வேகம் குறையாது, ஆனால் சத்தம் உள்ளே கேட்கும். வி6 ஓட்டிப் பழகியவர்கள் வாங்கும் முன் மேட்டுச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

பனிக்காலம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்த உதவாது, நிறுத்துவது டயர். இரண்டாவது குளிர்காலத்திலிருந்து நவம்பர் கடைசியில் பனி டயர் மாற்றிக்கொள்கிறேன். எங்கள் தெரு ஒரு சரிவில் இருக்கிறது. பழைய எஸ்யூவி சாதாரண டயரில் வழுக்கிய அதே சரிவில் இது நிதானமாக நிற்கிறது. ஆனால் தெருவில் இன்னும் பனியை வாராத காலையில் எஸ்யூவிதான் மேல். அங்கே தரை இடைவெளி (சாலைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் நடுவே) சுமார் 8 அங்குலம், இங்கே 6 அங்குலத்துக்குச் சற்று மேல். ஒரு முறை கனமான பனியில் முன் பம்பர் பனியைத் தள்ளிக்கொண்டே போனது. நான் பாதியில் திரும்பிவிட்டேன். மருத்துவமனையில் வேலை செய்து, எந்தப் பனியிலும் போயே ஆக வேண்டும் என்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். இழுவையும் அப்படித்தான். சியன்னா 3,500 பவுண்டுதான் இழுக்கும். பெட்ரோலில் மட்டும் ஓடும் ஹைலேண்டர் 5,000 வரை இழுக்கும். படகோ டிரெய்லரோ வைத்திருப்பவர்களுக்கு எஸ்யூவிதான்.

பாதுகாப்பில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. 2023-இல் ஐஐஎச்எஸ் (காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் கார்களை மோதிச் சோதிக்கும் அமெரிக்க அமைப்பு) பின்வரிசையிலும் பொம்மையை வைத்து முன்மோதல் சோதனை செய்தபோது, சோதித்த நான்கு மினிவேன்களில் ஒன்றுகூட நல்ல மதிப்பெண் வாங்கவில்லை. சியன்னா, பசிஃபிகா, கார்னிவல் மூன்றுக்கும் கீழிருந்து இரண்டாவது நிலை. ஒடிஸிக்குக் கடைசி நிலை. பின்னால் குழந்தைகளை உட்கார வைப்பதற்கென்றே செய்த வண்டிகள் இவை. படித்தபோது மனது சங்கடப்பட்டது. நாங்கள் செய்தது இதுதான்: இங்கே சட்டப்படி 8 வயதோ 57 அங்குல உயரமோ ஆகும் வரை பூஸ்டர் (பெல்ட் சரியாகப் பொருந்த உயர்த்தி உட்கார வைக்கும் குழந்தை இருக்கை) கட்டாயம். மகளை எட்டு வயது முடிந்த பிறகும் உயரம் வரும் வரை பூஸ்டரிலேயே வைத்திருந்தோம், பையன்களுக்கும் அப்படித்தான் செய்யப் போகிறோம். பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்தாலும் பெல்ட் போடாமல் வண்டி நகராது. அம்மாவுக்குப் பெல்ட் கழுத்தில் படுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பேன். புதிதாக வாங்குபவர்கள் அந்தந்த வருட மாடலுக்கு வந்திருக்கும் பின்வரிசை மதிப்பெண்ணை ஐஐஎச்எஸ் பட்டியலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சின்ன விஷயங்கள் சில. இருக்கைத் தண்டவாளத்தில் முறுக்குத் துகள் போனால் வேக்கம் கிளீனரின் மெல்லிய முனை இல்லாமல் எடுக்க முடியாது. இரண்டாவது வரிசை கழலாததால் ஒரு சோபாவை ஏற்ற வேன் வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. நகரத்துக்குள் சாலையோரம் முன்னும் பின்னும் நிற்கும் கார்களுக்கு நடுவே நிறுத்தப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது.

வாங்கும் எண்ணம் இருந்தால் ஷோரூமுக்கு நீங்கள் மட்டும் போகாதீர்கள். குழந்தை இருக்கைகளைக் கையோடு எடுத்துப்போய் இரண்டாவது வரிசையில் கட்டுங்கள். அப்புறம் உங்கள் வீட்டாரில் வயதில் மூத்தவரை மூன்றாவது வரிசையில் ஏறி உட்காரச் சொல்லுங்கள். எல்லா இருக்கையையும் நிமிர்த்தி வைத்துவிட்டு, நீங்கள் ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிகளைப் பின்னால் ஏற்றிப் பாருங்கள். விற்பவர் பொறுமை இழந்தாலும் பரவாயில்லை, முழுதாக முடித்துவிட்டு வாருங்கள். நாங்கள் பென்சில்வேனியாவில் இதையெல்லாம் செய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்று அப்பா ஊரில் இருந்ததால், கடைசி வரிசையில் என் மாமனார்தான் ஏறி உட்கார்ந்து காட்டினார்.