கும்பகோணத்திலிருந்து எழும்பூருக்கு: தங்கை மகளின் முதல் அறுபது நாட்கள்

தைவானின் சின்சு நகரில் வேலை பார்க்கும் நான், தங்கை மகளுக்குத் தொட்டில் போடும் நாளை ஒட்டி இருபது நாள் விடுப்பில் கும்பகோணம் போயிருந்தேன். தாய்மாமன் சீராக வாங்கிய வெள்ளி அரைஞாண் பையில் இருந்தது. ஆனால் விடுப்பின் பெரும்பகுதி மருத்துவமனையில்தான் கழிந்தது. அங்கே கண்டதும் கேட்டதும் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் பயன்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வீட்டுக்குப் போன அன்று என் கண்ணில் முதலில் பட்டது கொல்லைப்புறக் கொடிதான். பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்குப் போட்ட துணிகள் அதில் காய்ந்துகொண்டிருந்தன. நன்றாகத் துவைத்திருந்தும் ஒவ்வொன்றிலும் மஞ்சள் கறை படிந்திருந்தது. பிறந்த சில வாரக் குழந்தையின் சிறுநீர் பொதுவாகத் துணியில் கறை விடுவதில்லை. குழந்தைக்கு அன்று 43 நாள். கண்ணின் வெள்ளைப் பகுதியும் மஞ்சளாகத்தான் இருந்தது. "மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுகிறோம், அதனால் இருக்கும்" என்றார் அம்மா. மலம் என்ன நிறத்தில் போகிறது என்று தங்கையிடம் கேட்டபோது, அவள் மாற்றி வைத்திருந்த துணியைக் கொண்டுவந்து காட்டினாள். அரைத்த அரிசி மாவைப் போல வெளிறியிருந்தது.

எனக்கு இது உடனே உறைத்ததற்குக் காரணம் தைவான்தான். அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தரப்படும் சுகாதாரக் கையேட்டில் மலத்தின் நிறங்களைப் படமாக அச்சிட்ட பக்கம் ஒன்று உண்டு. 2004-இல் நாடு முழுவதற்கும் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு அது. வெளிறிய நிறங்களில் ஒன்றைக் கண்டால் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும் என்று என் மகள் பிறந்தபோது செவிலியர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியே சொல்லியிருந்தார். தைவானில் உள்ள வீட்டாரிடம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, கைப்பேசியைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வெளிறிய வரிசையோடு அப்படியே ஒத்துப்போனது.

குழந்தை பிறந்த தனியார் மருத்துவமனையில் மூன்றாவது வாரத்திலேயே மஞ்சளைக் காட்டியிருக்கிறார்கள். தாய்ப்பாலால் வரும் காமாலைதான், காலை வெயிலில் காட்டினால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி கீழாநெல்லிச் சாறு கொடுக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஆறாத வருத்தம், அன்று எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் மொத்த பிலிருபின் (காமாலையில் மஞ்சள் நிறம் தரும் பொருள்) மட்டுமே இருந்தது என்பதில்தான். இரண்டு வாரம் கடந்தும் காமாலை தெளியாத குழந்தைக்கு நேரடி பிலிருபினையும், அதாவது பித்தத்தில் வெளியேறுவதற்காகக் கல்லீரல் பதப்படுத்திய பகுதியையும், பிரித்துப் பார்த்தாக வேண்டும். கூடியிருப்பது அதுதான் என்றால் கோளாறு கல்லீரலிலோ பித்தநாளத்திலோ இருக்கிறது. வெயிலுக்கு அங்கே வேலையே இல்லை. மறுநாள் வேறொரு பரிசோதனைக்கூடத்தில் பார்த்தபோது டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் மொத்தம் 9.1, நேரடி 5.8 என்று வந்தது. நேரடி பிலிருபின் 1-ஐத் தாண்டினாலே விசாரிக்க வேண்டும்.

குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் சீட்டைப் பார்த்தவுடன் சென்னைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அன்றிரவே உழவன் விரைவு ரயிலில் ஏறினோம். எழும்பூரில் இறங்கினால் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை பக்கம்தான். புறநோயாளர் வரிசை நீளமாக இருந்தது; ஆனால் கடிதத்தில் "நேரடி பிலிருபின்", "வெளிறிய மலம்" என்ற சொற்களைக் கண்ட செவிலியர் எங்களைத் தனியே அழைத்துப்போய் உட்காரவைத்தார். குழந்தையின் வயது என்ன என்று அன்று எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ண முடியாது. எல்லோரும் கேட்டது நாள் கணக்கில்தான்.

நோயின் பெயர் பைலியரி அட்ரீசியா. கல்லீரலில் சுரக்கும் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் நாளங்கள் பிறப்பை ஒட்டிய காலத்திலேயே அழற்சியால் தழும்பேறி அடைபட்டுவிடுகின்றன. பித்தம் குடலுக்கு வராததால் மலம் வெளிறுகிறது. ரத்தத்தில் சேர்ந்து சிறுநீரில் வெளியேறுவதால் துணியில் கறை படிகிறது. தேங்கிய பித்தம் கல்லீரலை நாளுக்கு நாள் இறுகச் செய்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் அரிய நோய் இது. கருவுற்றிருந்தபோது தான் சாப்பிட்டது எதனாலாவது வந்ததா என்று தங்கை அழுதுகொண்டே கேட்டாள். தாயின் தவறு எதுவுமே இல்லை என்று அங்கிருந்த பெண் மருத்துவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் வைத்திருந்து ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை சுருங்கிப்போயிருந்தது. 55-ஆம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது. ஜப்பானின் செண்டாய் நகரில் மோரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் 1950-களில் உருவாக்கியதால் கசாய் அறுவை என்றே அழைக்கிறார்கள். முதலில் பித்தப்பை வழியாகச் சாயம் செலுத்தி அடைப்பை உறுதிப்படுத்துகிறார்கள். பிறகு தழும்பேறிய நாளங்களை அகற்றிவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியைக் கல்லீரலின் வாயிலுக்கே கொண்டுபோய்த் தைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்நாளங்களிலிருந்து பித்தம் நேரே குடலில் வடிய வேண்டும். அறுபது நாளுக்குள் செய்தால் அப்படி வடிவதற்கான வாய்ப்பு அதிகம். நாள் போகப் போகக் குறைந்துவிடும். எத்தனை நாள் என்று எல்லோரும் கேட்டதன் பொருள் அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது.

அறுவை முடிந்த ஆறாம் நாள் விடியற்காலையில் தங்கை ஒரு துணியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வார்டு வாசலுக்கு வந்தாள். "அண்ணா, பச்சை!" என்றாள். கடுகுக் கீரையை மசித்தது போன்ற நிறம். மாப்பிள்ளை அந்தத் துணியை வாங்கி வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். அங்கே காத்திருந்த வேறு இரண்டு தாய்மார்களும் வந்து பார்த்தார்கள்.

இத்தோடு முடிந்துவிட்டது என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் பித்தம் வடிய உதவும் மருந்தும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். காய்ச்சல் வந்தால் நாளங்களில் கிருமி தொற்றியிருக்கலாம். ஒரு இரவும் காத்திராமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். பித்தம் நன்றாக வடிந்த குழந்தைகளிலும் பலருக்குப் பின்னாளில் கல்லீரல் மாற்று தேவைப்படுகிறது. அதையும் மறைக்காமல் சொன்னார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று 1998-இல் டெல்லியில், இதே நோயுடன் பிறந்த காஞ்சிபுரத்துச் சிறுவனுக்குத்தான். கல்லீரலின் ஒரு பகுதியைத் தந்தவர் அவன் அப்பா. அந்தச் சிறுவன் வளர்ந்து மருத்துவம் படித்தான் என்று சொன்னதும் மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் விமானம் ஏறிய அன்று குழந்தைக்கு 63 நாள். கண்ணில் மஞ்சள் இன்னும் முழுதாக மறையவில்லை, ஆனால் வெளுக்கத் தொடங்கியிருந்தது. வயிற்றில் குறுக்கே தையல் இருப்பதால் அரைஞாணைத் தங்கையிடமே கொடுத்துவிட்டு வந்தேன். புண் ஆறியதும் அம்மா கட்டிவிடுவார்.