ஊட்டியில் வாங்கிய ஐந்து தைலம்: எது முகத்துக்கு, எது தரை துடைக்க

போன மே மாதம் ஊட்டி போனபோது கூட வந்தவர்கள் எல்லாரும் வர்க்கியும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டிருக்க, நான் ஒரு தைலக் கடையில் முக்கால் மணி நேரம் நின்று ஐந்து பாட்டில் வாங்கினேன். யூகலிப்டஸ், எலுமிச்சைப் புல், ஜெரேனியம், டீ ட்ரீ, மல்லிகை. மொத்தம் 1,150 ரூபாய். கடைப் பெயர் வேண்டாம், அந்த ஊரில் இந்த மாதிரி கடை ஒன்றா இரண்டா. ஆறு மாதம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

யூகலிப்டஸ் நல்ல சரக்கு. செய்தித்தாள் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு வைத்தேன், காலையில் கறையே இல்லை. சமையல் எண்ணெய் எதையாவது கலந்திருந்தால் வட்டமாகத் திட்டு நின்றிருக்கும். ஆனால் முகத்துக்கு இது வேண்டாம். பாதிக்கு மேல் சினியோல் என்கிற காரமான வேதிப்பொருள்தான், கண் பக்கம் போனால் அழ வைக்கும். கைக்குழந்தைக்குச் சளி என்று முகத்திலோ மூக்கிலோ தடவவே கூடாது, மூச்சுத் திணறிவிடும். எங்கள் வீட்டில் இது அம்மாவின் முழங்காலுக்கும் தரை துடைக்கிற வாளிக்கும் போகிறது.

எலுமிச்சைப் புல் தைலத்தில்தான் மாட்டிக்கொண்டேன். தாடையில் பரு இருந்தது. "அப்படியே தடவுங்க அக்கா, நேச்சுரல்தானே, ஒண்ணும் பண்ணாது" என்று கடைக்காரத் தம்பி சொன்னதை நம்பி, பஞ்சில் நனைத்து நேராக வைத்தேன். இரண்டு நிமிடத்தில் மிளகாய் அரைத்த கையை வைத்த மாதிரி எரிச்சல். குழாயைத் திறந்து தண்ணீர் அடிக்க அடிக்க எரிச்சல் பரவுகிறதே ஒழிய குறையவில்லை. அம்மாதான் ஓடி வந்து, "எண்ணெயை எண்ணெயாலதான்டி எடுக்கணும்" என்று தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்பு போடச் சொன்னார். எரிச்சல் அடங்கியது, ஆனால் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்து, பிறகு கறுத்து, மறைய மூன்று வாரம் ஆனது. இந்தத் தைலத்தில் முக்கால் பங்கு சிட்ரால், எலுமிச்சை வாசனை தருகிற வேதிப்பொருள், தோலைச் சீண்டுவதில் பேர்போனது. இயற்கை என்றால் சாது என்று அர்த்தமில்லை, பட்டால் தோலைப் புண்ணாக்கும் சேராங்கொட்டையும் இயற்கைதான்! ஒரு மூட்டை புல்லின் சாரம் ஒரு சின்ன பாட்டிலுக்குள் இருக்கிறது என்ற யோசனை எனக்கே வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எதையும் கலக்காமல் தொடுவதில்லை. 30 மில்லி பாதாம் எண்ணெய்க்கு ஆறு சொட்டுத் தைலம், ஏறக்குறைய ஒரு சதவீதம் வரும். முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு. தேங்காய் எண்ணெயில் கலந்தால் எனக்குப் பரு கூடுகிறது, உங்களுக்கு எப்படியோ.

ஐந்தில் எனக்குப் பிடித்தது ஜெரேனியம். ரோஜா வாசனை, ஆனால் எடுப்பது பூவில் இல்லை, இலையில். ரோஜா எண்ணெயில் கலப்படம் செய்ய இதைத்தான் சேர்ப்பார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் முகம் கழுவி, ஈரம் காயும் முன்பு மூன்று சொட்டு கலவையைத் தேய்த்துக்கொண்டு படுத்தால் காலையில் கன்னம் வறட்டென்று இழுக்காது. அதில் பாதிப் புகழ் பாதாம் எண்ணெய்க்குச் சேரும், ஒப்புக்கொள்கிறேன். நிறம் கூடும் என்று கடையில் சொன்னார்கள். கூடவில்லை.

டீ ட்ரீ என்றதும் ஊட்டித் தேயிலையில் எடுத்தது என்று நினைத்துத்தான் வாங்கினேன், சிரிக்காதீர்கள். தேயிலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆஸ்திரேலியாவின் மெலலூக்கா மரத்து இலை. பருவுக்கு ஆதாரம் என்று ஏதாவது இருப்பது இந்த ஐந்தில் இதற்குத்தான். 1990இல் அங்கே 124 பேரை வைத்து, 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் மருந்துக் கடையில் கிடைக்கும் பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன, டீ ட்ரீ மெதுவாக, ஆனால் தொந்தரவும் கம்மியாக. எனக்கும் மெதுவாகத்தான், ஒன்றரை மாதம். ஒன்று கவனியுங்கள், பாட்டிலைத் திறந்து வெளியே வைத்தால் காற்றுப் பட்டுப் பட்டு, போகப் போக அரிப்பு உண்டாக்கும் பொருளாக மாறிவிடும். நான் ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். என்றைக்கு எடுத்த எண்ணெய், எப்போது காலாவதி, எந்தச் செடி, எதுவுமே லேபிளில் இல்லை. கடைக்கு மார்க் குறைப்பது இதற்காகவும்தான்.

கடைசியாக மல்லிகை. 10 மில்லி 180 ரூபாய். வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டேன். மல்லிகையை ஆவியில் வடிக்க முடியாது, வாசனை கெட்டுவிடும், கரைப்பானில் ஊறவைத்துத்தான் எடுக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்குக் குறைந்தது 700 கிலோ பூ, அப்படியானால் 10 மில்லிக்கு ஏழு கிலோ. செண்ட் ஃபேக்டரிக்குக் கிலோ 100 ரூபாய்க்குப் பூ போனாலும் பூவுக்கே 700 ஆகிவிடுகிறதே! அசல் எண்ணெய் கெட்டியாகச் செம்பழுப்பில் இருக்கும், இது வெறும் தண்ணீர் மாதிரி இருக்கிறது, மூடியைத் திறந்தால் கல்யாண மண்டப வாசல் சென்ட். தோலில் ஒரு சொட்டுகூட வைக்கவில்லை.

அடுத்த முறை போனால் யூகலிப்டஸும் ஜெரேனியமும் மட்டும் வாங்குவேன். மல்லிகை பாட்டில் இப்போது காரில் இருக்கிறது, ஏசியைப் போட்டால் வருகிற ஈரத்துணி நாற்றத்துக்கு.