சால்ஸ்பரியில் குடியிருக்க: கோபுரத்தை அல்ல, தரையைப் பாருங்கள்

சால்ஸ்பரிப் பேராலயக் கோபுரம் 123 மீட்டர். பிரிட்டனிலேயே உயரமான தேவாலயக் கோபுரம் இதுதான். அஸ்திவாரமோ சுமார் 4 அடி, அதற்குக் கீழே ஈரச் சரளை. தரையிலுள்ள துளையில் கோல் விட்டு நீர்மட்டத்தை இன்றும் பார்க்கிறார்கள். வீடு தேடுபவரும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஏவன், நாடர் என ஊரிலும் சுற்றிலுமாக ஐந்து ஆறுகள். ஆறு கரை தாண்டினால் கண்ணுக்குத் தெரியும். பள்ளத்தாக்குக் கிராமங்களில் படுத்துவது நிலத்தடி நீர். குளிர்கால மழையைச் சுண்ணாம்புப் பாறை மெதுவாகக் குடித்துவிட்டு, ஜனவரி, பிப்ரவரியில் தரை வழியே கக்கும். மழை விட்டு வாரங்கள் ஆனாலும் வடியாது. வாசலில் மணல் மூட்டை அடுக்கிப் பயனில்லை, வருவது அடியிலிருந்து. அரசின் வெள்ள அபாயத் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டு ஆறு, மழைநீர், நிலத்தடி நீர் மூன்றையும் தனித்தனியே பாருங்கள். காப்பீட்டுக் கட்டணத்தை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பழைய வீடுகளின் சுவர் சுண்ணாம்புக் காரை. ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தால் ஓதம் உள்ளேயே தங்கி, அடிச்சுவரில் பெயிண்ட் உரியும். பாதுகாக்கப்பட்ட கட்டடமென்றால் அனுமதியின்றி ஜன்னல் மாற்றுவது கிரிமினல் குற்றம். முன்பிருந்தவர் செய்த மாற்றத்தைச் சரிசெய்யச் சொல்லி கவுன்சில் உங்களுக்கே நோட்டீஸ் அனுப்பலாம். பழைய ஜன்னலை அப்படியே விட்டு, உள்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் போடுவதே நல்ல வழி. அதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். துணியை வீட்டுக்குள் காயப்போட்டால் ஈரமுறிஞ்சி இயந்திரம் கட்டாயம். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சைதான்.

குழாய்த் தண்ணீரும் அதே சுண்ணாம்புப் பாறையின் தண்ணீர். கெட்டிலில் வெள்ளைப் படிவு சீக்கிரமே ஏறும்: ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அணைத்தபின் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம், இருபது நிமிட ஊறல், நன்றாக இருமுறை அலசல். டிஷ்வாஷரில் கடினநீருக்கான அமைப்பைக் கூட்டி வையுங்கள். வெந்நீர் சூடும் ஆறலுமாக மாறி மாறி வந்தால் பாய்லரின் வெப்பத் தகட்டில் படிவு அடைத்திருக்கலாம்.

கிராமங்கள் பலவற்றில் குழாய் எரிவாயு கிடையாது, வீட்டைச் சூடாக்க எண்ணெய்த் தொட்டிதான். பொதுவாக 500 லிட்டருக்குக் குறைந்து தரமாட்டார்கள். கோடையிலேயே நிரப்புங்கள். தொட்டி வற்றினால் அடிக்கசடு பர்னருக்குப் போகும், குழாயில் காற்றும் அடைக்கும்.

லண்டன் வாட்டர்லூவுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். தினமும் போய்வர முடியும், ஆனால் அலுப்பு. கிராமத்துப் பேருந்து மாலைக்குமேல் அரிது, கார் இல்லாமல் ஆகாது. செவ்வாயும் சனியும் சந்தை. அதற்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வடக்கே சால்ஸ்பரிச் சமவெளியில் பீரங்கிப் பயிற்சி நடக்கும். ஜன்னல் அதிரும். நேர அட்டவணையை ராணுவமே வெளியிடுகிறது. அந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் சுடும் நாளில் போய்ப் பாருங்கள்.