மெதுவாக ஓடக் கற்பிக்கும் செயலி: ‘கவுச் டு பைவ் கே’ ஒரு மதிப்பீடு

கடந்த ஆவணியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் என் மூன்று மாதச் சராசரிச் சீனியின் அளவு 44 என்று வந்தது. பிரித்தானியாவில் 42 முதல் 47 வரையான எண்ணை நீரிழிவின் வாசற்படியாகக் கொள்கிறார்கள். 48ஐத் தொட்டுவிட்டால் வீட்டுக்குள் போய்விட்டோம் என்று பொருள். வைத்தியர் மருந்து எதுவும் எழுதவில்லை. மற்றவர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 25இல் தொடங்கும் எச்சரிக்கை தெற்காசியரான எங்களுக்கு 23இலேயே தொடங்கிவிடுகிறது என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு, தேசிய சுகாதார சேவையின் ‘கவுச் டு பைவ் கே’ (சாய்வு இருக்கையிலிருந்து ஐந்து கிலோமீற்றர் ஓட்டம் வரை) என்ற இலவசச் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும்படி சொன்னார். எனக்கு வயது 47. நாள் முழுவதும் கணினிக்கு முன்னால் கணக்குப் பார்க்கும் வேலை. பாடசாலைக் காலத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிறகு, பேருந்தைப் பிடிப்பதற்காக அன்றி வேறெதற்கும் நான் ஓடியதில்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு இந்தச் செயலி எவ்வளவு உதவும், எங்கே கைவிடும் என்பதை, அதை முழுவதுமாக முடித்த பிறகு எழுதுகிறேன்.

இதற்கு முன்பு ஒரு முறை முயன்று தோற்றிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, தை மாதத்துக்கே உரிய வைராக்கியத்தோடு வீட்டுக்கு அருகிலிருந்த உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். எந்தக் கருவியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டிய பணத்துக்கு வஞ்சகமில்லாமல் முதல் நாளே எல்லாக் கருவிகளிலும் ஏறி இறங்கியதில், அடுத்த மூன்று நாட்கள் வீட்டுப் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்க நேர்ந்தது. மொத்தம் நான்கு முறை போனேன். பணம் மட்டும் பன்னிரண்டு மாதமும் தவறாமல் வங்கியிலிருந்து போனது. என்னைச் சோம்பேறி என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஆனால் என்னைக் கெடுத்தது முதல் நாள் உற்சாகம் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. இந்தச் செயலியின் மிகப் பெரிய சிறப்பு, அந்த உற்சாகத்துக்குக் கடிவாளம் போடுவதுதான்.

இத்திட்டத்தை 1996இல் உருவாக்கியவர் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர். ஓட்டம் என்றால் முதல் சில வாரங்கள் வெறும் வேதனை என்பதைத் தானே அனுபவித்து அறிந்த அவர், ஐம்பது வயதைக் கடந்த தன் தாயாரும் அந்த வேதனை இல்லாமல் தொடங்க வேண்டும் என்று எண்ணியே, ஓட்டத்தையும் நடையையும் மாறி மாறிக் கோத்து இந்த அட்டவணையை வகுத்தார். பின்னர் பிரித்தானியச் சுகாதார சேவை இதை ஒன்பது வாரத் திட்டமாக முதலில் ஒலிப்பதிவுகளாகவும், 2016இல் பிபிசியுடன் சேர்ந்து செயலியாகவும் வெளியிட்டது. வாரத்துக்கு மூன்று நாட்கள், இரண்டு பயிற்சிகளுக்கு இடையில் ஒரு நாளாவது ஓய்வு, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை மணித்தியாலம், கேட்பது இவ்வளவுதான்.

முதல் வாரம் எவ்வளவு எளிது என்பதைக் கணக்காகச் சொன்னால்தான் நம்புவீர்கள். ஐந்து நிமிடங்கள் விறுவிறுப்பான நடை. அதன் பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று எட்டு முறை. கடைசியில் மீண்டும் ஐந்து நிமிட நடை. அரை மணித்தியாலத்தில் உண்மையாக ஓடுவது எட்டு நிமிடங்கள் மட்டுமே. புரட்டாதி முதல் வாரத்தில், தெற்கு இலண்டனிலுள்ள ரூட்டிங் பொதுவெளியின் மர நிழற் பாதையில் தொடங்கிய அன்று, ‘இதுவா பயிற்சி’ என்று இளக்காரமாகவே எண்ணினேன். நான்காவது 60 விநாடியில் அந்த எண்ணம் போய்விட்டது. ஆனாலும் எட்டையும் முடித்தேன். மறுநாள் படியிறங்க முடிந்தது. அதற்கு அடுத்த நாள் திரும்பவும் போக வேண்டும் என்று தோன்றியது. உடற்பயிற்சிக் கூடம் எனக்கு ஒருபோதும் தராதது அந்த மூன்றாவது உணர்வு.

காதில் ஒலிக்கும் குரலை நாங்களே தெரிவு செய்துகொள்ளலாம். நான் பார்த்தபோது, பழைய ஒலிப்பதிவுகளில் பேசிய லோரா, வானொலி அறிவிப்பாளர் ஜோ வைலி, நகைச்சுவைக் கலைஞர்களான சாரா மிலிக்கன், சஞ்சீவ் கோலி, ஓட்ட வீரர் மைக்கல் ஜோன்சன் ஆகியோர் பட்டியலில் இருந்தார்கள். இத்திட்டம் பிறந்த அதே 1996இல், அற்லாண்டா ஒலிம்பிக்கில் தங்க நிறச் சப்பாத்துகளோடு 200 மீற்றரிலும் 400 மீற்றரிலும் வென்றவர் ஜோன்சன். அவரையே முதலில் தெரிவு செய்தேன். பிழை அவருடையதன்று, உலகத்தின் அதிவேகக் கால்களுக்குச் சொந்தக்காரர் காதில் பேசும்போது மெதுவாக ஓட என்னால் முடியவில்லை. இரண்டாம் வாரத்தில் லோராவுக்கு மாறினேன். பக்கத்து வீட்டுப் பெண் நடைக்குத் துணை வருவது போன்ற அந்தச் சாதாரணக் குரல்தான் என் போன்றவர்களுக்குப் பொருத்தம். ஓடத் தொடங்கு, நடக்கத் தொடங்கு, பாதி முடிந்துவிட்டது என்ற அறிவிப்புகளுக்கு இடையில் குரல் ஒதுங்கிக்கொள்ளும். சொந்தப் பாடல்களைப் பின்னணியில் ஓடவிடலாம், அறிவிப்பு வரும் நேரத்தில் பாட்டின் ஒலி தாழும். கைப்பேசியை வெளியே எடுத்து நேரம் பார்க்கும் தேவையே இல்லை என்பது சிறிய வசதி போலத் தெரிந்தாலும், மூச்சிரைக்கும் ஒருவருக்கு அது பெரிய விடுதலை.

ஓடப் போகிறேன் என்று சொன்னபோது எங்களுடன் இருக்கும் அம்மா, “இந்த வயசில ஆர் மோனை உன்னைத் துரத்துறது?” என்று கேட்டார். போர்க்காலத்தில், 1995 ஐப்பசியில், யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் மூட்டைகளோடு வெளியேறிய தலைமுறைக்கு ஓட்டம் என்ற சொல்லின் பொருள் வேறு. அதை நான் மறுத்துப் பேசவில்லை.

மூன்றாம் வாரத்தில் சறுக்கினேன். மூச்சு நன்றாகப் பழகிவிட்டது என்ற இறுமாப்பில், ஓய்வு நாட்களை விட்டுவிட்டு நான்கு நாட்கள் தொடர்ச்சியாக ஓடினேன். ஐந்தாம் நாள் காலையில் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டி, தொட்டாலே துடிக்கும் வலி. இருதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. தசைநாண்களும் எலும்பும் அவ்வளவு விரைவில் பழகுவதில்லை. மூச்சு ‘போ’ என்று சொல்லும்போது கால் ‘நில்’ என்று சொல்வது இதனால்தான். தொடக்கக்காரர்களில் பலர் காயப்படுவதும் இந்த இடைவெளியில்தான். ஓய்வு நாளை விட்டுவிடாதே என்று செயலி ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தது, கேட்காதது நான். பத்து நாட்கள் நிறுத்திவிட்டு, இரண்டாம் வாரத்திலிருந்து மீண்டும் தொடங்கினேன். பின்னால் போவதைத் தோல்வியாகக் காட்டாமல், விரும்பிய பயிற்சியை விரும்பிய தடவை திரும்பச் செய்ய விடும் வசதியை இங்கே மெச்ச வேண்டும். ஒன்பது வாரத் திட்டம் எனக்குப் பதின்மூன்று வாரங்களில் முடிந்தது.

இத்திட்டத்தை வகுத்தவரின் கெட்டித்தனம் முழுவதும் ஐந்தாம் வாரத்தில் இருக்கிறது. முதல் நாள் ஐந்து நிமிட ஓட்டம் மூன்று, இடையில் மும்மூன்று நிமிட நடை. இரண்டாம் நாள் எட்டு நிமிட ஓட்டம் இரண்டு, இடையில் ஐந்து நிமிட நடை. மூன்றாம் நாள், நடையே இல்லாமல் இருபது நிமிட ஓட்டம். முன்கூட்டியே அட்டவணையைப் பார்த்தவர்கள் இந்த மூன்றாம் நாளை எண்ணி நித்திரை இழக்கிறார்கள், நானும் இழந்தேன். ஆனால் ஒரு கணக்காளராக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது, முதல் நாளின் ஓட்டம் 15 நிமிடங்கள், இரண்டாம் நாள் 16, மூன்றாம் நாள் 20 என்று வந்தது. அதிகமாகக் கேட்பது நான்கு நிமிடங்கள் மட்டுமே, எடுத்துவிட்டது நடையை. உடம்பு ஏற்கெனவே தயாராகிவிட்டது, இனி மனம் மட்டுமே அதை நம்ப வேண்டும் என்ற இடத்தில் இந்தப் பாய்ச்சலை வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் நடந்துவிடலாமா என்று எண்ணினேன். நடக்கும் வேகத்துக்கு இறங்கினேனே தவிர, ஓட்டத்தின் அசைவை விடவில்லை. என்னைக் கடந்து ஒரு முதிய பெண்மணி தன் நாயோடு நடந்தே போனார். அந்த வேகத்தில் இருபது நிமிடங்களை முடித்தேன். அடுத்த வாரத்தின் முதல் நாளில் மீண்டும் ஐந்து, எட்டு, ஐந்து என்று ஓட்டத்தை உடைத்து, இடையில் நடை தருகிறார்கள். ஏற்றத்துக்குப் பிறகு ஒரு சமதரை. பிறகு 25 நிமிடங்கள், 28, கடைசி வாரத்தில் 30. ஏழாம் வாரத்துக்குப் பின் சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லை, போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, பெயர். ஐந்து கிலோமீற்றர் என்று பெயரில் இருந்தாலும், திட்டம் முடிவது 30 நிமிட ஓட்டத்தில். அரை மணித்தியாலத்தில் ஐந்து கிலோமீற்றர் என்றால் மணித்தியாலத்துக்குப் பத்து கிலோமீற்றர் வேகம். புதிதாகத் தொடங்கிய நடுவயதினருக்கு அது எளிதில் வராது. ஒன்பதாம் வாரத்தின் கடைசி நாளில் நான் ஓடிய தூரம் 3.9 கிலோமீற்றர். பெயரை நம்பியவர்கள் அந்த நாளில் ஏமாந்து, வேகத்தைக் கூட்ட முயன்று காலைக் கெடுத்துக்கொள்ளக்கூடும். நேரத்தை மட்டும் பாருங்கள், தூரத்தை மறந்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

இரண்டாவது குறை இதைவிடப் பாரதூரமானது. பெரியவர்கள் வாரத்தில் 150 நிமிட மிதமான பயிற்சி அல்லது 75 நிமிடக் கடும் பயிற்சியோடு, இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது இந்த நாட்டின் சுகாதார வழிகாட்டல். கடைசி வாரங்களின் ஓட்டம் முதல் பாதியை நிறைவு செய்துவிடுகிறது. இரண்டாம் பாதிக்கு இத்திட்டத்தில் இடமே இல்லை. உண்ட சீனியைப் பெருமளவில் உள்வாங்கிக்கொள்வது தசை என்பதால், என் போன்று வாசற்படியில் நிற்பவர்களுக்கு அது விட்டுவிடக் கூடியதன்று. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி நிற்பது ஆகிய மூன்றையும் நானாகவே ஓய்வு நாட்களில் சேர்த்துக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே வந்த அந்த வலி திரும்பி வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

செயலியில் பேசும் குரல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் அம்மாவின் தலைமுறையினருக்கு இது பயன்படாது. அவர்களுக்கு ஓட்டமும் வேண்டியதில்லை. விறுவிறுப்பான நடையைப் பத்துப் பத்து நிமிடங்களாக எண்ணிக் காட்டும் ‘ஆக்டிவ் 10’ என்ற இன்னொரு இலவசச் செயலியும் இதே சுகாதார சேவையிடமே இருக்கிறது. அதைப் பிள்ளைகள் இறக்கிக் கொடுக்கலாம். நெஞ்சு வலியோ இருதய நோயோ மூட்டு நோயோ உள்ளவர்கள் எந்தச் செயலியையும் தொடுவதற்கு முன்பு வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

செயலி இலவசம், ஆனால் சப்பாத்து இலவசமில்லை. கடை ஒன்றில் என்னை ஓடுபொறியில் ஏற்றிப் படம்பிடித்து, பாதத்தின் சாய்வைப் பற்றி நீண்ட விளக்கம் தந்து, 130 பவுணுக்கு ஒரு சோடியை விற்றார்கள். இவ்வளவு ஆராய்ச்சிக்குப் பிறகும் அளவு அரை இலக்கம் சிறிது. பெருவிரல் நகம் கறுத்த பிறகே கண்டுபிடித்தேன். ஓடும்போது பாதம் சற்று வீங்குவதால், விரலுக்கும் சப்பாத்தின் நுனிக்கும் இடையில் ஒரு கட்டைவிரல் அகலம் இருக்க வேண்டும். இப்போது அணிவது முந்தைய ஆண்டு மாதிரி, பாதி விலை, குறையொன்றும் இல்லை. பருத்திக் காலுறை கொப்புளம் தரும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

முடித்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த நாட்டில் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது. 2004 ஐப்பசி 2ஆம் திகதி, இலண்டனின் புஷி பூங்காவில் பதின்மூன்று பேர் ஓடித் தொடங்கிய ‘பார்க் ரன்’, இன்று சனிக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு இங்கிலாந்தெங்கும் பூங்காக்களில் நடக்கிறது. ஐந்து கிலோமீற்றர், கட்டணம் இல்லை, ஒரு முறை பதிவு செய்தால் போதும். எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பதால், கடைசியாக வந்துவிடுவோமோ என்ற அச்சத்துக்கும் இடமில்லை. மார்கழியின் மூன்றாம் சனிக்கிழமை, சேற்றுப் பாதையில் 39 நிமிடங்கள் 20 விநாடிகளில் முடித்தேன். எனக்குப் பின்னால் இன்னும் பலர் வந்துகொண்டிருந்தார்கள். அதில் நடந்தே வந்தவர்களும் உண்டு.

அடுத்த இரத்தப் பரிசோதனை வரும் ஆவணியில்தான். அந்த எண்ணை இன்று ஊகித்துச் சொல்ல மாட்டேன். இடுப்புப்பட்டியில் இரண்டு துளைகள் உள்ளே போயிருக்கின்றன. ரயில் நிலையப் படிகளில் மூச்சு வாங்குவதில்லை. மனைவி போன வாரம் சாரா மிலிக்கனின் குரலோடு முதல் வாரத்தைத் தொடங்கியிருக்கிறார். நானும் கூடப் போகிறேன். அவருடைய 60 விநாடி முடிந்து நடை தொடங்கும்போது, பழக்க தோஷத்தில் நான் சில அடிகள் முன்னால் போய்விடுகிறேன். “மெதுவா வாங்கோ” என்று பின்னாலிருந்து குரல் வருகிறது.